பத்து சென்டிமீட்டர் நிலம்

எங்கள் சங்கத்தில் சர்க்யூட் போர்டு வரையத் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். மற்றவர்களுக்குப் போர்டின்மேல் தங்கள் பெயர் எவ்வளவு பெரிதாக வரவேண்டும் என்பது மட்டும் தெரியும்.

சீனாவில் கொடுத்து அச்சடித்து வாங்குகிறோம். பத்துக்குப் பத்து சென்டிமீட்டருக்குள் அடங்கினால் அவர்களிடம் ஒரே விலை, கொசுறு மாதிரி. எங்கள் ஊர் கிசுமு வரை வந்துசேரும் கூலிதான் ஆளைக் கொல்லும். அதனால் எல்லோருடைய வரைபடத்தையும் ஒரே சதுரத்துக்குள் நெருக்கி அடுக்கி, ஒரே போர்டாக வரவழைத்து, வந்த பிறகு பிஸ்கட் போல உடைத்துப் பிரித்துக்கொள்வோம். சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சதுரத்துக்குள் இடம் பிடிக்க நடக்கும் சண்டையைப் பார்த்தால், அண்ணன் தம்பிகள் அப்பன் நிலத்தில் வேலி போடுவது எவ்வளவோ மேல். ஒரு மில்லிமீட்டர் தகராறில் இரண்டு பேர் ஈஸ்டரிலிருந்து முகம் பார்ப்பதில்லை. இருவரும் பட்டதாரிகள்.

சங்கத்துக்கு ஒரு விதி உண்டு. ஆர்டர் போகும் முன் ஒவ்வொரு வரைபடத்தையும் சுவரில் பெரிதாகக் காட்ட வேண்டும். வரைந்தவர் எழுந்து நிற்க வேண்டும். யார் வேண்டுமானாலும் எந்தப் புள்ளியையும் காட்டி, இது ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்கலாம். ஒன்றுக்குப் பதில் தெரியாவிட்டாலும் அந்தப் போர்டு சதுரத்தில் ஏறாது. முன்பு ஒருவன் இணையத்திலிருந்து இறக்கியதை அப்படியே சேர்த்துவிட்டான். அவனுடைய கோளாறால் எல்லோருடைய சதுரமும் துளையே இல்லாமல் வந்து சேர்ந்தது. மொழுமொழுவென்று, சோப்புக்கட்டி மாதிரி. அதன் பிறகு வந்த விதி இது. விசாரணை என்கிறோம். விசாரணையில் நடப்பது என்னவென்றால், என்னை நீ கேட்காதே, உன்னை நான் கேட்கமாட்டேன். நடுவில் டீயும், மண்டாசி என்கிற பொரித்த பன்னும் வரும்.

எங்கள் சேர்மன் ஒடேரா. செல்போன் கோபுரங்களுக்கு டீசல் ஊற்றும் கம்பெனியில் மேற்பார்வையாளன். இன்ஜினியர் என்று கூப்பிட்டால் திரும்புவான். கூப்பிடாவிட்டால் காது கேட்காது. எங்கே சேர்மன் நாற்காலி காலியாக இருந்தாலும் அதில் அவன் இருப்பான். மார்ச்சில் என் மனைவி அப்போண்டி இறந்தபோது இறுதிச்சடங்குக் கமிட்டிக்கும் அவன்தான் சேர்மன். அவள் படம் போட்ட டி-ஷர்ட் எல்லோருக்கும் அடித்தான். மிச்சம் நிறைய. அதில் ஒன்று இப்போது எங்கள் மேஜையில் சால்டரிங் அயர்ன் துடைக்கும் துணியாகக் கிடக்கிறது. கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அந்தக் கூட்டத்தில் யாரும் எதையும் பார்ப்பதில்லை.

அவள் போன பிறகும் நான் சனிக்கிழமை தவறாமல் போகிறேன். வீட்டில் இருப்பதற்கும் அங்கே இருப்பதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அங்கே டீ கிடைக்கிறது.

அந்தச் சனிக்கிழமை மதியம் மழை. கிபுயே சந்தைக்குப் பின்னால், டயர் கடைக்கு மேலே எங்கள் அறை. ஒடேரா டை கட்டி வந்திருந்தான். கடைசி வரைபடம் அவனுடையது. சுவரில் அதைப் போட்டுவிட்டுத் தொண்டையைச் செருமினான்.

"சகோதர சகோதரிகளே, இது என்னோட புதுப் படைப்பு. ஒடேரா மீன்காவலன். மீன் ஃப்ரீசருக்குள்ள வெக்கணும். கரண்டு போய் உள்ள சூடு ஏறிச்சுன்னா கத்தும். அடுத்த மாசம் கவுண்டி அரசாங்கத்துலேருந்து மீன்வளத்துக்காரங்க பார்க்க வர்றாங்க. போர்டு கறுப்பு நிறம், எழுத்து வெள்ளை. கறுப்புதான் உலகத் தரம்."

நான் சுவரைப் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது மூலை. வலது மேல் மூலை பல்லால் கடித்தது போல் வெட்டியிருந்தது. அந்த மூலையை எனக்குத் தெரியும். வீட்டில் நாங்கள் கையால் செய்த முதல் போர்டில் அதை ரம்பம் வைத்து அறுத்தவன் நான். அப்போண்டி பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஒழுங்காக அச்சடிக்கலாம் என்று சங்கத்துக் கம்ப்யூட்டரில் அதை வரைந்து வைத்தாள். அனுப்புவதற்குள் ஆஸ்பத்திரி. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவள் வரைந்தது அப்படியே இருந்தது. ஒரு கோடு மாறவில்லை. நடுவில் கொழுத்த எழுத்தில் 'இன்ஜி. ஒடேரா' என்று மட்டும் ஏறியிருந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. இப்போதெல்லாம் எதுவும் வருவதில்லை. ஆனால் இது இந்தப் பெயரோடு இந்த அறையை விட்டுப் போகாது என்று மட்டும் தெரிந்தது. மாலை ஆறு மணிக்கு ஆர்டர் போகவேண்டும்.

"கேள்வி இருக்கா?" என்றான் ஒடேரா. கேள்வி இருக்காது என்ற நம்பிக்கையில் கம்ப்யூட்டரை மூடவே போனான்.

"இருக்கு. அந்த மூலை ஏன் அப்படி இருக்கு?" என்றேன்.

தலைகள் திரும்பின. மாதக்கணக்கில் நான் அங்கே வாயைத் திறந்ததில்லை. எல்லா முகத்திலும் அந்தச் சாவு வீட்டு முகம். நான் தும்மினாலும் அதைத்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

"அருமையான கேள்வி, ஒமேரா," என்றான் ஒடேரா. அவனுக்கு ஊரில் பாதிப் பேர் ஒமேரா, சகோதரன். "அது ஆன்டெனாவுக்கான இடைவெளி. அலை பரவணும் இல்லியா? செம்பு குறுக்க நின்னா தடுத்துரும்."

"ஆன்டெனா எங்க?"

"இப்போதைக்கு இல்ல. வருங்காலத்துல."

ஒங்கேரி மெதுவாகத் தலையாட்டினான். ஒங்கேரி கணக்கு வாத்தியார். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவான். பக்கத்தில் கோழி வளர்க்கும் அடிகின்யி, ஒடேரா சொன்னதைக் குறித்துக்கொண்டாள்.

"வருங்கால ஆன்டெனாவுக்கு இப்பவே இடம் விட்டுட்டாரு," என்றாள் நெகேசா. "எங்க வீட்டுக்காரர் வாங்காத காருக்கு இரும்பு கேட்டு வெச்ச மாதிரி. இப்ப அதுல ஆடு போய்ட்டு வருது."

சிரித்தார்கள். ஒடேராவும் சிரித்தான். நெகேசா ரேடியோ பழுது பார்க்கிறவள். அப்போண்டிக்குத் தோழி, அதனால் என்னை ஷெமேஜி என்பாள், மச்சான் முறை. அங்கே இருப்பவர்களில் எனக்கு மரியாதை உள்ள ஒரே ஆள்.

"கம்பி முறுக்கற திருகெல்லாம் ஏன் இடது பக்கமா இருக்கு?" என்றேன்.

"பேலன்ஸ். டிசைன்ல பேலன்ஸ்னு ஒண்ணு இருக்கு, ஒமேரா. கண்ணுக்கு இதமா இருக்கணும்."

"கத்துற பஸ்ஸருக்குப் பக்கத்துல ஒரு ரெசிஸ்டர் இருக்கே, அது?"

"பாதுகாப்பு."

"எதுலேருந்து?"

"பொதுவா."

ஒங்கேரி அதற்கும் தலையாட்டினான். பொதுவான பாதுகாப்பை யார்தான் வேண்டாம் என்பார்கள்.

"இந்தச் செம்புத் தடமெல்லாம் ஏன் இவ்வளவு தடியா?"

"தடியா இருந்தா உறுதி. என்ன ஒமேரா இது, என்னை மட்டும் நிக்க வெச்சுப் பரீட்சை வைக்கிற? ஒங்கேரி போர்டுல ஒரு கேள்வி கேட்டியா நீ?"

நெகேசா சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஷெமேஜி. இது அவ வரைஞ்சதா?"

"ஆமா."

நான் ஒடேராவின் முகத்தைக் கவனித்தேன். ஒரு மனிதன் கையும் களவுமாகப் பிடிபடும்போது முகத்தில் ஏதாவது நடக்கும் என்று நினைத்திருந்தேன். எதுவும் நடக்கவில்லை. எண்ணெய் வழியும் அதே அமைதி.

"நானே கடைசியில சொல்லணும்னுதான் இருந்தேன்," என்று எல்லோருக்கும் என்னைக் காட்டினான். "ஒபுயா அவசரப்பட்டுட்டான். இது நம்ம தங்கச்சிக்கு நாம செய்யற அஞ்சலி." குனிந்து தட்டினான். சுவரில், அவன் பெயருக்கு அடியில், 'அப்போண்டியின் நினைவாக' என்று வந்தது. ஓரத்தில் ஒரு சிலுவையும் வைத்தான்.

"ஆஹ்," என்றார்கள். யாரோ கை தட்டினார்கள். அடிகின்யி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் பெயர் நெல்மணி உயரம். அவள் பெயர் எறும்பு உயரம். சீனாக்காரன் அச்சடித்தால் அது எழுத்தாக வராது, அழுக்காக வரும். போர்டு வரைந்த எவனுக்கும் அது தெரியும். அங்கே யாருக்கும் தெரியவில்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அழவேண்டும். அழுதால் விஷயம் முடிந்தது, டீ குடிக்கலாம்.

"எடு," என்றேன்.

"எதை?"

"ரெண்டையும். வரைஞ்சவ பேரை மட்டும் போடு. நினைவும் வேணாம், சிலுவையும் வேணாம்."

"ஒமேரா, நீ துக்கத்துல இருக்க. புரியுது. கமிட்டியில நான் எப்படி ஓடினேன்னு உனக்கே தெரியும்." குரலைத் தாழ்த்தினான். இறுதிச்சடங்கில் மைக்கில் பேசிய அதே குரல். "ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்கு. கம்ப்யூட்டர் சங்கத்தோடது. அதுல இருக்கற ஃபைல் சங்கத்தோடது. பாவம், அவ பாதியில விட்டுட்டுப் போய்ட்டா. நான் முடிச்சேன்."

"என்ன முடிச்ச?"

"பேரு வெச்சேன். நிறம் முடிவு பண்ணேன்."

இதற்கும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். நிறம் முடிவு செய்வது லேசான வேலையா என்பது போல.

நெகேசா நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "விதியைப் பார்ப்போம், சேர்மன். யாரு பதில் சொல்றாங்களோ அவங்க போர்டு. நீ சொன்ன பதிலை ஆடு கூடத் திங்காது. அவளால வரமுடியாது. அவளுக்காக யாரு நிக்கறது?"

"நான் நிக்கறேன்," என்றேன்.

"பதில் சொல்லிட்டா?" என்றான் ஒடேரா.

"சொல்லிட்டா அவ பேரு மட்டும் போகும்."

ஒடேரா சுற்றிப் பார்த்தான். ஆட்சேபம் சொல்ல ஆளில்லை. "சரி, பார்க்கலாம்," என்று டையைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்தான்.

நான் சுவரருகே போனேன். என் நிழல் போர்டின்மேல் விழுந்தது. ஒதுங்கி நின்றேன்.

"மூலை. இது ஒரு மார்ஜரின் டப்பாவுக்காக வரைஞ்சது. எங்க மாமியார் டுங்காவுல மீன் விக்கறாங்க. ஃப்ரீசர் மேல தொங்கவிட அவங்க கொடுத்த டப்பா அதுதான். அதுக்கு அடியில ஒரு மூலையில மேடு இருக்கும். அது இடிக்கும். அதனால வெட்டச் சொன்னா."

யாரோ களுக்கென்று சிரித்து நிறுத்தினார்கள்.

"திருகு இடது பக்கம். அவ இடது கைக்காரி."

"ஆமா," என்றாள் நெகேசா. "என்னோட ஸ்பேனரை எல்லாம் திருப்பித் திருப்பி வெப்பா."

"ரெசிஸ்டர். முதல் தடவை அது கத்தினப்ப மாமியார் பாம்புன்னு நெனச்சுக் கரண்டியால அடிச்சாங்க. சத்தத்தைக் குறைக்கத்தான் இது. இந்தப் பெரிய கெபாசிட்டர், பக்கத்து அரவை மில்லு ஓடறப்ப கரண்டு சரியும், அப்ப சும்மா சும்மா கத்தாம இருக்க. தடி தடியா தடம் ஏன்னா, வீட்டுல இஸ்திரிப் பெட்டியால ஒட்டி, அமிலத்துல கரைச்சுத்தான் அவ போர்டு செய்யப் பழகினா. மெல்லிசா வரைஞ்சா அமிலம் தின்னுரும். சீனாக்காரன் மயிரிழையில கூட அடிப்பான்னு நான் சொன்னேன். தனக்குக் கை வரலைன்னு சொல்லிட்டா."

தொடர்ந்து சொன்னேன். ஒவ்வொரு துளையாக, ஒவ்வொரு வளைவாக. டப்பாவைத் தொங்கவிடும் நூலுக்கு இரண்டு துளை. பேட்டரி கம்பி வெளியே வராமல் அடியிலேயே சுற்றி வருவது ஏன் என்பது. கம்பியைக் கடிக்கும் மாமியார் வீட்டுப் பூனை. அவள் இறந்ததிலிருந்து நான் இவ்வளவு பேசியதில்லை. ஆறுதல் சொல்ல வந்த எல்லோரும் அவளைப் பற்றிப் பேசு, பேசினால் பாரம் குறையும் என்றார்கள். பாரம் குறையவில்லை. ஆனால் எந்த வாக்கியத்திலும் தடுமாறவில்லை. ஒரு பொருள் ஏன் அங்கே இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும் என்கிற பேச்சு எனக்கு ஒத்துவருகிறது.

நெகேசா விரலால் ஒவ்வொன்றாகச் சரி பார்த்துக்கொண்டே வந்தாள். ஒங்கேரி, நேர்மையாகச் சொன்னால், முதல்முறையாகத் தலையாட்டாமல் கேட்டான்.

"முடிஞ்சுதா?" என்றான் ஒடேரா. எழுந்தான். சுவரருகே வந்து அடி ஓரத்தில் விரல் வைத்தான். "அப்ப இது?"

அங்கே வரிசையாக மூன்று துளைகள் இருந்தன. எதையும் பொருத்தாத துளைகள். பக்கத்தில் பெயர் எதுவும் எழுதவில்லை.

வீட்டுப் போர்டில் அவை கிடையாது. இங்கே வந்து வரையும்போது சேர்த்திருக்கிறாள். நான் தடத்தைப் பின்தொடர்ந்து பார்த்தேன். ஒன்று மின்சாரத்துக்குப் போகிறது. ஒன்று எர்த்துக்கு. மூன்றாவது, சிப்பில் சும்மா இருந்த கால் ஒன்றுக்கு. ஏதோ ஒன்றை அங்கே மாட்டுவதாக இருந்திருக்கிறாள். என்ன என்று என்னிடம் சொல்லவில்லை. சொல்ல நேரம் இருக்கிறது என்று நினைத்திருப்பாள்.

எனக்கு ஐந்தாறு பதில் தோன்றியது. எதைச் சொன்னாலும் எடுபடும். இவர்கள் வருங்கால ஆன்டெனாவுக்கே தலையாட்டியவர்கள். இப்போது இரக்கம் வேறு சேர்ந்திருந்தது. நான் வாயைத் திறந்து எதையாவது உதிர்த்தால் போதும், கை தட்டி அவள் பெயரை ஏற்றியிருப்பார்கள்.

"தெரியாது," என்றேன்.

"கொஞ்சம் சத்தமா, ஒமேரா."

"தெரியாது."

ஒடேரா கையை விரித்தான். முகம் மலர்ந்திருந்தது. "விதி விதிதானே, நெகேசா?"

"விதிதான்," என்றாள் அவள். "ரெண்டு பேருக்கும். அவருக்கு மூணு துளை தெரியல. உனக்கு மூலையிலேருந்து ஒண்ணுமே தெரியல. போர்டு போகாது. தூக்கு."

"தூக்கறதா? கவுண்டிக்காரங்க வர்றாங்கம்மா! அவங்களுக்கு எதைக் காட்டறது?"

"உன் பேரைக் காட்டு. பெருசாத்தானே போட்டிருக்க."

இம்முறை உரக்கச் சிரித்தார்கள். ஒடேரா ஆதரவுக்கு ஒங்கேரியைப் பார்த்தான். ஒங்கேரி தலையாட்டினான், ஆனால் நெகேசாவின் பக்கம். சேர்மன் குனிந்து ஒரு பொத்தானை அழுத்தினான். சதுரத்தின் நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஓர் இடம் வெறுமையானது.

எல்லோரும் அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை மரியாதை என்று நினைத்துவிட்டேன். அளவெடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"அந்த இடம் சும்மாதானே போகுது?" என்றாள் அடிகின்யி. கண்ணைத் துடைத்தவளேதான். "என்னோட கோழிக்குஞ்சு லைட்டைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினா..."

"உனக்கு ஏற்கெனவே ரெண்டு பங்கு இருக்கு!"

"சங்கத்துச் சின்னத்தை அங்க பெருசா போடலாம்னு நான் நெனைக்கறேன்," என்றான் ஒடேரா.

"யாரு நெனச்சாலும் அது என் வேலியை ஒட்டின இடம். வேலிக்கு ஒட்டினவனுக்குத்தான் முதல் உரிமை," என்றது இன்னொரு குரல்.

அவர்கள் சுவருக்கு முன்னால் கூடி நின்று விரலால் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் பக்கம் யாரும் இல்லை. நான் உட்கார்ந்து, அவளுடைய ஃபைலைத் தேடி எடுத்து, ஒடேராவின் பெயரை அழித்து, என் பென் டிரைவுக்கு மாற்றினேன். நகல் எடுக்கவில்லை, மாற்றினேன். அங்கே எதுவும் மிச்சம் வைக்கவில்லை. ஒடேரா தற்செயலாகத் திரும்பிப் பார்த்தான்.

"அது சங்கத்தோட..." என்று ஆரம்பித்தான். அதற்குள் அடிகின்யி அவன் விரலைச் சுவரிலிருந்து தட்டிவிட்டாள். அவன் திரும்பவும் நிலத்துக்குப் போய்விட்டான்.

மாடிப்படியில் நெகேசா பின்னால் வந்தாள். கையில் காகிதத்தில் சுற்றிய மண்டாசி.

"இந்தா, ஷெமேஜி. காலையிலேருந்து எதுவும் சாப்பிட்டிருக்க மாட்ட."

வாங்கிக்கொண்டேன். கீழே டயர் கடைக்காரன் தார்ப்பாயைக் குச்சியால் தூக்கி மழைத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தான். இருவரும் படியிலேயே நின்றோம்.

"சத்தத்தை நிறுத்த ஒரு பட்டன்னு சொல்லியிருந்தா எவன் கேட்டிருப்பான்?" என்றாள்.

"எவனும் கேட்டிருக்க மாட்டான்."

"அப்புறம் ஏன் சொல்லல? அவ பேரு போயிருக்குமே."

"பட்டன் இல்ல அது."

"அதுவும் தெரியுமா?"

"பட்டனுக்கு ரெண்டு துளை போதும்."

அவள் மண்டாசியை மென்றபடி யோசித்தாள். "லைட்டு?"

"அதுக்கும் ரெண்டுதான்."

"இன்னொரு ஃப்ரீசருக்கு இன்னொரு சூடு பார்க்கற முனை?"

"இருக்கலாம். மாமியாருக்கு ஒரு ஃப்ரீசர்தான் இருக்கு."

"ரெண்டாவது வாங்கிக் கொடுக்க நெனச்சிருப்பாளோ?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. மேலே ஒடேராவின் குரல், நாலு மில்லிமீட்டர், அதுக்கு மேல ஒரு நூல் கூடக் கிடையாது என்று கத்திக்கொண்டிருந்தது. யாரோ மேஜையைத் தட்டினார்கள்.

"டுங்காவுக்குப் போற டுக்-டுக் ஆட்டோ சந்தை வாசல்லேருந்து கிளம்புதா இப்பவும்?" என்று கேட்டேன்.

"கிளம்புது. இந்த மழையில எதுக்கு?"

"மாமியார்கிட்ட அவ ஏதாவது சொல்லியிருப்பாளான்னு கேக்கணும்."

மார்ச்சுக்குப் பிறகு நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. நெகேசாவுக்கு அது தெரியும். அவள் தன் குடையை நீட்டினாள். ஒரு கம்பி உடைந்த குடை. மடக்கியபடியே வாங்கிக்கொண்டு இறங்கினேன்.